மடக்கு மாமா வீட்டில் ஒரு கட்டில்

என் தங்கை இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரிய டாக்டர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். உயரமாக, ஆடாமல், ராத்திரி பகல் எந்நேரமும் போட்டபடியே இருக்க வேண்டும். தரையில் படுத்து எழுந்தால் உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிடும், மறுபடியும் அறுக்க வேண்டியிருக்கும், இந்த வயதில் இரண்டாம் தடவை அறுத்தால் பிறகு நடப்பாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்றார். வேறு வீடாக இருந்தால் அன்று சாயங்காலமே கட்டில் வந்து இறங்கியிருக்கும். அவள் வாழ்க்கைப்பட்டது அப்படிப்பட்ட வீட்டில் இல்லை.

அவள் கணவருக்கு அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் மடக்கு மாமா. பிள்ளைகள் வைக்கிற பெயர் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். இரண்டே அறை கொண்ட வீடு, அதில் ஏழு மேஜைகள். ஏழும் மடக்கு மேஜைகள், ஏழும் அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ யாருக்கோ செய்தவை. நாற்காலிகளும் மடக்குத்தான். படுக்கை விடிந்ததும் சுருட்டப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். துணி காயப்போடும் கொடிகூடச் சுவரில் ஒரு டப்பாவுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அடுப்புக்குக் கீல் வைக்க வழியிருந்தால் அதையும் மடக்கி மூலையில் சாத்தியிருப்பார்.

நான் விசேஷ வீடுகளுக்கு நாற்காலி, மேஜை, கட்டில், பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். என் பிழைப்பே மடக்கு நாற்காலிகளோடுதான். விரித்தால் ஒருவர் உட்கார வேண்டும், மடக்கினால் லாரியில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அதன் கதை. அதைத் துடைத்து, மெழுகு போட்டு, கீலுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, கன்னத்தை வைத்து மட்டம் பார்க்கிற ஒரு மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தது தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகுதான். மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும், குடிக்கவில்லை, அடிக்கவில்லை, மேஜைதானே துடைக்கிறார் என்று கொடுத்திருப்பார்கள்.

மனிதர் ஒரு பார்சல் கம்பெனி குடோனில் ஓய்வு பெறுகிறவரை மேற்பார்வை பார்த்தவர். வருகிற பெட்டிகளை எந்த அடுக்கில், எந்த வாட்டத்தில் வைத்தால் இன்னும் நாலு பெட்டி கூடக் கொள்ளும் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். அதில் கெட்டிக்காரர், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்கிற இடத்தில் இவர் அளவு நாடா வைத்திருப்பார். வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். குடோனில் அவர் மிச்சம் பிடித்த இடத்தில் மறுநாளே வேறு பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். வீட்டில் மிச்சம் பிடித்த இடத்தில் அவர் எதையும் உட்காரவிட்டதில்லை.

ஆள் இறந்து, பிள்ளைகள் வந்து, வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏலம் போடுகிற இடங்களில் இவர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். முதல் மேஜை கல்யாணமான வருஷமே அப்படி வந்ததுதான். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை. இரண்டு பக்கமும் பெரிய பலகைகள் கீலில் தொங்கும். கீழே ஒரு கால் கதவு திறப்பது போலத் திரும்பி வெளியே வந்து, தூக்கிய பலகையைத் தாங்கும். விரித்தால் எட்டுப் பேர் சாப்பிடலாம், மடக்கினால் சுவரோடு சுவராக நின்றுவிடும். அதற்குக் கதவுக்கால் மேஜை என்று பெயர் வைத்து, முதல் தடவை நான் போயிருந்தபோது விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காட்டினார்.

"சின்ன இடத்துல கௌரவமா வாழத் தெரிஞ்சவங்க செஞ்சது அக்கா இது. இப்ப யாருக்கு இந்த மூளை இருக்கு?"

"சின்ன இடத்துல வாழ்ந்தவன் இவ்வளவு கடைசல் வேலை செஞ்ச காலுக்கு எங்க மாப்பிள்ள போவான்? பெரிய வீட்டுக்காரன் வாங்கினதா இருக்கும். அங்க வேலைக்காரன் விரிச்சான், வேலைக்காரன் மடக்கினான். உங்க வீட்டுல அந்த வேலைக்காரன் யாரு?"

அவர் சிரித்தார். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல ஒரு சிரிப்பு. தங்கை சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "அக்கா, சும்மா இரு" என்றாள். முப்பது வருஷமாக அவள் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் சமையலறைச் சுவரில் தொங்கும் பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்து அதன் மேல் காய் நறுக்க வேண்டும். நறுக்கியதும் துடைத்து இறக்கிவிட வேண்டும். அடுத்தது ஒல்லி மேஜை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம், மூன்றாவது ஆள் நின்றுகொண்டு சாப்பிடலாம். தட்டுகள் கழுவப் போகும்போதே அது மடங்கிவிடும். பிறகு சீட்டாடுகிற மேஜை. அதன் மேல்பலகை புத்தகம் போலத் திறக்கும், உள்ளே பச்சைத் துணி ஒட்டியிருக்கும். அதன் மேல் கம்பளி விரித்துத் தங்கை துணிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடுவாள். இரண்டு சட்டை போட்டு, பால் பொங்குகிறது என்று ஓடினாள் என்று வையுங்கள். திரும்பி வருவதற்குள் மேஜை மடங்கிச் சுவரோரம் நிற்கும், கம்பளி நாலாக மடிந்து அதன் மேல் இருக்கும், பெட்டி போடாத சட்டைகள் அதற்கும் மேல் இருக்கும்.

"இன்னும் முடிக்கலங்க" என்பாள்.

"நீ போனியா, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்" என்பார்.

அவள் மறுபடி விரிப்பாள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே காலையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய ஒரே மகன் படித்தது சுவரில் பெட்டி போல மாட்டியிருக்கும் எழுதுமேஜையில். அதன் மூடியைக் கீழே இறக்கினால் எழுதுகிற பலகை. பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் மூடி ஏறிவிடும், கணக்கு பாதியில் உள்ளே போய்விடும். அவன் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். வீடு பிடித்ததும் முதல் காரியமாக, நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத ஒரு கல் மேஜையை வாங்கி நடுக்கூடத்தில் போட்டு அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், இடத்த வீணாக்கிட்டான்" என்றார். பிள்ளை என்ன சொல்ல வருகிறான் என்பது அவருக்குக் கடைசிவரை எட்டவேயில்லை.

விருந்தாளி வந்தால் வட்ட மேஜை. ஒற்றைத் தூணின் மேல் வட்டப் பலகை, அடியில் ஒரு கொக்கியை விடுவித்தால் பலகை செங்குத்தாகச் சாய்ந்து மூலையில் ஒட்டிக்கொள்ளும். டீயைக் கொண்டுவர இன்னொரு மேஜை, அதன் மேல்பாகம் அப்படியே தட்டாகக் கையில் வந்துவிடும். டீயை வைத்துவிட்டு நம்மோடு அன்பாகத்தான் பேசுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் கோப்பையைக் கையில் எடுத்ததும் அவருடைய ஒரு கை மேஜைக்கு அடியில் போகும். கொக்கியைத் தடவுகிற சத்தம் கேட்கும். குடித்து முடித்துக் கோப்பையை வைக்கப் போனால் கீழே மேஜை இருக்காது. ஒருமுறை என் வீட்டுக்காரர் காலிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி எங்கள் வீடுவரை வந்துவிட்டார். அந்தக் கோப்பை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

என் பெயரிலும் அங்கே ஒரு தழும்பு உண்டு. கதவுக்கால் மேஜையின் மேல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைத்துவிட்டேன். வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் மெழுகும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தார். அதன் பிறகு யார் வந்தாலும் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவி, "இது அக்கா வச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏதோ வீட்டுக்குத் தீ வைத்தவள் போல வருகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாம் எதற்காக என்று கேட்க வேண்டாமா? கேட்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, கடைசி மேஜையும் சுவருக்குப் போன பிறகு, மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பார். வெறும் தரை. நாலு சுவரையும் சுற்றி மேஜைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும். அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும் பாருங்கள், சொத்து எழுதி வாங்கியவனுக்குக்கூட அப்படி வராது.

"பாத்தீங்களா அக்கா, எவ்வளவு இடம்!"

"எதுக்கு மாப்பிள்ள?"

"எதுக்குன்னா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இடம் இருக்குல்ல!"

தங்கை இதற்கு ஒரு காரணம் சொல்வாள். சின்ன வயதில் அவர் வீட்டில் ஒரே அறையாம், அதில் பத்துப் பேராம், இவர் கடைக்குட்டி என்பதால் வாசல்படியை ஒட்டிக் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்குவாராம், நடுராத்திரி வெளியே போகிறவர்கள் எல்லாம் இவரை மிதித்துக்கொண்டு போவார்களாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடும். எனக்குக் கலங்காது. நாங்களும் ஒரே அறையில்தான் வளர்ந்தோம். அவளும்தான் என் முழங்கை விலாவில் குத்தக் குத்தத் தூங்கினாள். அதற்காக அவள் யாரையும் சுவரோரம் நிறுத்தவில்லையே. மிதிபட்டவன் எல்லாம் இப்படி ஆவதென்றால் ஊரில் பாதிப் பேர் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

போன மாதம் ஒரு காலை நேரம். தரை துடைத்து ஈரமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்துப்போன தங்கை, தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வழுக்கியது. கையை நீட்டினாள். எங்கே நீட்டினாள் தெரியுமா? சற்று முன்பு மேஜை இருந்த இடத்துக்கு. அது சுவருக்குப் போய்விட்டிருந்தது. நம் வீடுகளில் வழுக்குகிறவர்கள் ஒரு நாற்காலி முதுகையோ மேஜை ஓரத்தையோ பிடித்துக்கொண்டு, முட்டியில் ஒரு வீக்கத்தோடு தப்பித்துவிடுவார்கள். அந்த நடுக்கூடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு கிடையாது. தங்குதடையில்லாமல் நேராகத் தரைக்குப் போனாள்.

அடித்துப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய என்னிடம் அவர் முதலில் சொன்னது இதுதான்: "நல்ல வேளை அக்கா, எதுலயும் இடிச்சுக்கல. சுத்தி இடம் இருந்துச்சு."

அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். தள்ளுவண்டியில் கிடந்த தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் விட்டேன்.

அறுவை முடிந்து, டாக்டர் கட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனதும், வராந்தாவில் வைத்துப் பேச்சை எடுத்தேன்.

"கட்டில நான் அனுப்பறேன் மாப்பிள்ள. கடையில சும்மா கெடக்கு."

"வேணாம் அக்கா. கட்டில் போட்டா ரூம் போயிடும்."

"எங்க போயிடும்? எந்திரிச்சு வெளியில நடந்து போயிடுமா?"

"இல்ல, நான் வேற ஒரு ஏற்பாடு யோசிச்சு வச்சிருக்கேன்."

மறுநாள் அவர் வார்டுக்கு வந்தபோது கையில் பழம் இல்லை, பிளாஸ்க் இல்லை. தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பையிலிருந்து நாடாவை எடுத்து, "கொஞ்சம் இதப் பிடிங்க அக்கா" என்று நுனியை என்னிடம் நீட்டினார். என்ன ஏது என்று புரியாமல் நானும் தலைமாட்டில் பிடித்துக்கொண்டேன். அவர் நாடாவை இழுத்துக்கொண்டே கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு அகலத்தை அளந்தார், ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள்வரை.

"என்ன மாப்பிள்ள, சவப்பெட்டிக்கு அளவா?"

"சேச்சே!" என்றார். "சரியா இருக்கு. ஒரு விரக்கடை மிச்சமே வருது."

அவர் போனதும் தங்கை கண்ணைத் திறந்தாள். தூங்கவேயில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எனக்குக் கட்டில் செய்யக் கொடுக்கப் போறார் போலடி."

"யாரு, இந்த மனுஷனா?"

"அளவு எடுத்தாரே, பாக்கலையா? கடையில வாங்கினா பெரிசா இருக்கும்னு என் அளவுக்குச் செய்யச் சொல்றார். அவருக்குப் பாசத்தக் காட்டத் தெரியாது. மனசுல எல்லாம் இருக்கும்."

அதன் பிறகு ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னாள். கூட்ட வந்த அம்மாவிடம் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்குன்னே அளவெடுத்துக் கட்டில் செய்றார். வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்கச் சொன்னால் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தாள். வீட்டுக்குப் போக அவ்வளவு அவசரம். ஒருவேளை நான்தான் அந்த மனிதரைத் தப்பாக எடைபோட்டுவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல்தான்.

வீடு திரும்பிய அன்று, என் கடை ஆட்கள் இருவர் அவளைக் கை வைத்த ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அப்படியே தூக்கிப் படியேற்றி, நடுக்கூடத்தில் இறக்கினார்கள். அவர் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, நடுவில் நிற்கிற என் கடை நாற்காலியை மட்டும் கொஞ்சம் சங்கடமாகப் பார்த்துக்கொண்டு. பிறகு விலகி, "பாரு" என்றார்.

உள்ளே கதவுக்கால் மேஜை. இரண்டு பக்கப் பலகைகளும் விரிந்திருந்தன. அதன் மேல் விளிம்போடு விளிம்பாக வெட்டித் தைத்த மெல்லிய மெத்தை, வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை. திரும்புகிற காலைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். தரையில் வழுக்காமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் குல்லாய் மாட்டியிருந்தார். நாள் கணக்கில் மெனக்கெட்டிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"உன் அளவுக்கு அப்படியே பொருந்தும். தலைப்பக்கம் ஒரு விரக்கடை மிச்சம்" என்றார்.

"மாப்பிள்ள, இது மேஜை" என்றேன்.

"விரிச்சா கட்டில் அக்கா. எட்டுப் பேர் சாப்பாட்டத் தாங்குற பலகை, இவ என்ன கனம்? சூடு பட்ட இடம்கூட மெத்தைக்கு அடியில மறைஞ்சு போச்சு பாருங்க."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தபடி வாசல் வழியாக அந்த வெள்ளை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸிடமும் கூட்ட வந்த அம்மாவிடமும் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது. பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி நான் எந்திரிக்கணும்னா?"

"நான் இருக்கேன்ல. பிடிச்சுக்கறேன்."

"பகல்ல?"

"பகல்ல மடக்கிடலாம்" என்றார். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடலாம் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "காலையில நீ எந்திரிச்சதும் மெத்தையச் சுருட்டி, பலகைய எறக்கிட்டா ரூம் பழையபடி வந்துடும். நீ அதப் பத்திக் கவலையே படாத."

"அப்ப பகல்ல என்னை எங்க வைப்பீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவரும் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அந்த மனிதர். குடோனில் யாரோ ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டது போல, தலையைச் சாய்த்து, நிஜமாகவே யோசித்தார். அவர் கண் வாசலிலிருந்து கிளம்பிச் சுவரோரமாகவே ஊர்ந்து போயிற்று. எழுதுமேஜையைத் தாண்டி, சீட்டு மேஜையைத் தாண்டி, வட்ட மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவில் போய் நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் நாடாவை எடுத்தது.

"அந்த அலமாரி பக்கம் வச்சுக்கலாம். சுவரோட ஒட்டி ஒரு நாற்காலி போட்டா வழிய அடைக்காது."

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். சும்மா இரு என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, கடையில கட்டில் கெடக்குன்னியே."

"கெடக்கு."

"எடுத்துட்டு வரச் சொல்லு. மடங்காத கட்டிலா."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள ரூம்ல மேஜை விரிச்சிருக்கே. கட்டில எங்க போடறது?"

"இங்க" என்றாள். "நான் உக்காந்திருக்கேன்ல, இந்த இடத்துல. நடுவுல."

"நடுவுலயா? அப்புறம் எப்படி நடக்கறது?"

"சுத்திப் போங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். நான் உடனே கடைக்கு ஆளை ஓட்டினேன், அவள் மனசு மாறுவதற்குள் கட்டில் வந்து இறங்க வேண்டுமே என்று.

வந்தது. விசேஷ வீடுகளில் வெளியூர் ஆட்கள் தங்குவதற்காக வாடகைக்குப் போகிற பழைய இரும்புக் கட்டில். ஒரு அழகும் கிடையாது. பச்சைப் பெயின்ட் உரிந்து, ஒரு காலில் எங்கள் கடை எண் எழுதியிருக்கும். வாசல் நிலையில் இடித்து ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தது. தரையில் அதை இழுத்த சத்தத்துக்கு அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நடுக்கூடத்தில் போட்டு, மெத்தை விரித்து, தங்கையை மெதுவாக ஏற்றிப் படுக்கவைத்தோம். அவள் காலை நீட்டி, கையை இரண்டு பக்கமும் பரப்பி, ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த வீட்டில் அவள் பகலில் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம்வரை நான் அங்கேயே இருந்தேன். மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் கட்டிலைச் சுற்ற வேண்டும், வாசலுக்குப் போக வேண்டுமென்றால் சுற்ற வேண்டும். பழக்க தோஷத்தில் நேராக நடந்து இரண்டு தடவை முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உள்ளறைக்குப் போய் மெத்தையைச் சுருட்டினார், தோல்வாரை அவிழ்த்தார், பலகைகளை இறக்கி மேஜையைச் சுவருக்குத் தள்ளினார். தள்ளிவிட்டுத் துணியால் துடைக்கிற சத்தமும் கேட்டது. அந்த அறை முழுசாகக் காலியாகிவிட்டது. ஆனால் அவர் அங்கே போய் நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கூடத்துக்கே வந்து, கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தங்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, இது வாடகைக் கட்டில்தானே. எப்ப திருப்பி எடுத்துக்குவீங்க?"

நான் பதில் சொல்வதற்கு முன்பே கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நான் செத்ததும் எடுத்துக்குவா. அப்புறம் வீடு பூரா உங்களுக்கு இடந்தான்."

கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சுற்றிலும் பார்த்தார், சுவரோரம் வரிசையாக நிற்கிற மேஜைகளை, வெறும் தரையை, உள்ளறையை. பிறகு கட்டிலைப் பார்த்தார். அதுவும் அதில் படுத்திருக்கிறவளும் அங்கே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெட்டி அடுக்குகிற மூளை கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவருக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. முகம் வெளுத்துவிட்டது. எங்கேயாவது உட்கார இடம் தேடினார். உட்கார அங்கே விரித்த நாற்காலி ஒன்றுகூட இல்லை. என் கடை நாற்காலியையும் ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். கட்டில் விளிம்பில் பாதி உடம்பைத் தொற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தங்கை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, அறுத்துத் தைத்த அந்தக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

"நல்லா தள்ளி உக்காருங்க" என்றாள். "விழுந்துடப் போறீங்க."

அவருக்குப் போய் அவள் இடம் விட்டதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிவிட்டேன்.